ஏரிப் பக்கம் திரும்பும் கழுத்து

அன்பு மச்சான்,

இன்று காலை சட்டையைத் துவைக்க எடுத்தபோது பையிலிருந்து கேரம் பவுடர் வாசனை வந்தது. உன் போர்டின் சிவப்புக் காய் உள்ளேயே கிடக்கிறது. வாசனைக்கு ஒரு தும்மல் போட்டேன். திருநின்றவூர் ஏரிக் கொக்குகள் வேப்பம்பட்டு வரை பறந்துபோனதாகக் கேள்வி. காயை விரலால் தொட்டுப் பார்த்தேன். நேற்றைய பயம் இன்னும் விரலைவிட்டு இறங்கவில்லை.

நீ இருந்தவரை நம் காலனிப் பெண்கள் கால்பந்து அணிக்கு நீ பயிற்சியாளர், நான் தலைமை ஆலோசகர். அதாவது தண்ணீர் கேன் தூக்குகிறவன். சனிக்கிழமை மாலை உன் வீட்டுக் கூடத்தில் ராணுவ ஆலோசனை நடக்கும். வெள்ளைக் காய்கள் நம் பெண்கள், கறுப்பு எதிரணி, சிவப்புக் காய் பந்து. நீ ஒரு சுண்டு சுண்டுவாய். சிவப்பு நேராக இடது மூலைக் குழியில் போய் விழும். "கோலு" என்று மீசையைத் தடவிக்கொள்வாய். மறுநாள் ஏரிக்கரை மைதானத்தில் பந்தும் அப்படியே இடது மூலைக்குப் போகும், அங்கேயே குடியிருக்கும். இந்த சீசனில் ஒரு கோல் கிடையாது. மூலைக் கொடிக்கம்பம்தான் நம் பந்து பட்டுப் பட்டுத் தேய்ந்து பல்குச்சி ஆகிவிட்டது.

"போர்டுலதான் குழி மூலையில கீது நைனா. கிரவுண்டுல கோலு நடுவுல கீது" என்பேன்.

"பிளான்ல இன்னா தப்பு? மூலைக்குப் போயி உள்ள திருப்பி அடிக்கணும். திருப்ப மாட்டேன்றாளுங்க. காலு பேச்சு கேக்கலன்னா நான் இன்னா பண்றது?"

"காய்க்கு முட்டி கிடையாது, மூச்சு வாங்காது. அத்த வெச்சிகினு பிளான் போட்டா இப்டித்தான்."

நம் முன்கள ஆட்டக்காரி, உன் மகள் ஸ்டெல்லா, பூட்ஸுக்குக் கயிறு கோத்தபடி சமையலறை வாசலில் உட்கார்ந்திருப்பாள். தலை நிமிர மாட்டாள். திட்டமா, காலா என்று நாம் தொண்டை கிழியக் கத்தியதெல்லாம் அவள் காதில்தான் விழுந்தது. சண்டை பாதியில் இருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீ போய்விட்டாய்.

வேறு ஆளில்லாமல் எனக்குப் பட்டாபிஷேகம் நடந்தது. நேற்று ஆட்டத்துக்கு முன் ஸ்டெல்லா வந்து நின்றாள்.

"மாமா, மூலைக்குப் போற அப்பா பிளானா, நடுவுல அடிக்கிற உங்க பிளானா?"

"இன்னாத்துக்குக் கேக்குற?"

"இன்னிக்கும் கோல் இல்லன்னா பூட்ஸைக் கழட்டிடுவேன். அப்பா சொன்னதுதான் சரி, என் காலுதான் தப்புன்னு வெச்சிக்கிறேன்."

பயம் என்றால் என்ன என்று அப்போது தெரிந்தது, மச்சான். என் திட்டத்தில் கோல் விழுந்தால் தப்பு உன் பேரில். நீ எழுந்து வந்து வாதாட முடியாது. விழாவிட்டால் தப்பு அந்தப் பெண்ணின் காலில். இரண்டில் எதைச் சொல்லவும் எனக்கு நாக்கு வரவில்லை. என் பனியனைப் பிழிந்திருந்தால் ஏரி நிரம்பிக் கலங்கல் வழியாக வழிந்து ஓடியிருக்கும். "அப்பா பிளானே ஆடு" என்று சொல்லிவிட்டு, உன் சிவப்புக் காயைக் கைக்குள் இறுக்கிக்கொண்டேன்.

வழக்கம்போலப் பந்து மூலைக்குப் போனது. ஒருமுறை மட்டும் ஸ்டெல்லா மூலையிலிருந்து உள்ளே திரும்பினாள். எதிரே கோல். அந்த நொடியில் என் கழுத்து, என்னைக் கேட்காமலே, ஏரிப் பக்கம் திரும்பிக்கொண்டது. மறுபடி பார்த்தபோது பந்து மூலைக்கே போயிருந்தது.

அப்போதுதான் உன் ஞாபகம் வந்தது. நம் பெண்கள் கோலை நெருங்கும்போதெல்லாம் நீயும் ஏரியைத்தான் பார்ப்பாய். "உன் டீமு அடிக்கிறத ஒரு தபாவாவது பாத்துகிறியா?" என்று கிண்டல் பண்ணுவேன். "கொக்கு பாத்துகினு கீறேன், கம்முனு இரு" என்பாய்.

நீ கொக்குப் பார்க்கவில்லை. மகள் தவறவிடுவதைப் பார்க்க உனக்குத் தெம்பில்லை. மூலையில் நிற்பவளிடம் யாரும் கோல் கேட்க மாட்டார்கள். அதனால்தான் உன் திட்டம் எப்போதும் மூலையோடு முடிந்ததோ என்னவோ.

இடைவேளையில் ஸ்டெல்லா தண்ணீர் வாங்க வந்தாள்.

"நீங்களும் ஏரியப் பாத்தீங்க மாமா."

கேனைச் சாய்த்துத் தண்ணீர் ஊற்றினேன்.

"அடிக்கறதுக்கு முன்ன ஒரு தபா அப்பாவப் பாப்பேன். முதுகுதான் தெரியும். அவருக்கே நம்பிக்க இல்ல போலன்னு பந்த மறுபடி மூலைக்கே எடுத்துனு போயிடுவேன்."

"நம்பிக்க இல்லாம இல்லம்மா. பயம். இந்தத் தாலுக்காவுல கீற பயத்த மொத்தமா குத்தகைக்கு எடுத்து வெச்சிருந்தான் உங்கப்பன்."

"அப்பாவுக்கா? பயமா?"

"இப்ப அந்தக் குத்தகை எனக்கு வந்துகீது. முட்டி ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு பேசிகினு கீது, கேக்குதா பாரு."

சிரித்தாள். நீ போன பிறகு அந்தச் சிரிப்பை நான் பார்த்ததில்லை.

இரண்டாம் பாதியில் ஸ்டெல்லா அடித்த பந்து கம்பத்துக்கு மேலே போய் ஏரியில் விழுந்தது. உடனே கோட்டுக்கு வெளியே நின்ற என் பக்கம் திரும்பினாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இமை கொட்டவில்லை, கண் இரண்டும் சுட்ட அப்பளம்போல வறண்டுவிட்டன. பந்தை எடுத்து வந்தார்கள். அவள் மறுபடி ஓடினாள், மூலைக்கு இல்லை, நடுவில். அடித்த பந்து கோல்கீப்பர் கையில் பட்டுத் திரும்பி வந்து, ஸ்டெல்லாவின் முட்டியில் மோதி, நொண்டிக்கொண்டே உள்ளே போனது.

முட்டியால் விழுந்த கோல், மச்சான். உன் திட்டத்தில் முட்டியே கிடையாது. அவள் காலும் அதை அடிக்கவில்லை. ஆகவே நம் வழக்கு தீரவில்லை. எதிரணியும் ஒன்று போட்டு ஆட்டம் டிராவில் முடிந்தது. ஸ்டெல்லா பூட்ஸைத் தட்டி, வெயில் படும் இடத்தில் காயவைத்திருப்பதாக உன் வீட்டம்மா சொன்னாள். அடுத்த ஆட்டத்துக்கு.

சட்டையைத் துவைக்கப் போட்டுவிட்டேன். காயை எடுத்து வேறு சட்டைப் பைக்கு மாற்றிக்கொண்டேன். அடுத்த ஞாயிறும் என் கழுத்து ஏரிப் பக்கம் திரும்பத்தான் பார்க்கும். விட மாட்டேன். நீ பார்க்காத கோல்களையும் சேர்த்து நான் பார்க்க வேண்டியிருக்கிறது.