எந்த மைக்கேல் சல்லிவன்

அக்டோபர் 3, 1974. வியாழன்

முதல் பனி. டாக்டர் அப்பாவின் நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, வசந்தம் வரை தாங்கலாம் என்றார். முப்பத்தெட்டு வருடச் சுரங்கத் தூசி.

வழியில் அப்பா ஒன்றுதான் சொன்னார். "எங்கப்பா பக்கத்துல போட்டுடு. வேற ஒண்ணும் வேணாம்."

தாத்தா மைக்கேல் 1915இல் சுரங்கத்தில் செத்தார். அப்பாவுக்கு அப்போது ஏழு வயது. மரச்சிலுவை நட்டார்களாம். அது எப்போதோ மக்கிவிட்டது.

மாலையில் அப்பாவின் பழைய சிநேகிதர் ஃப்ளரி ஹாரிங்டன் வந்தார், வியாழக்கிழமைச் சீட்டாட்டத்துக்கு. அப்பா தோற்றார். வழக்கம்போல ஃப்ளரியைத் திட்டினார், "சூப்பு குடிச்ச வம்சம். வேற எப்படி ஆடுவான்." நாற்பது வருடமாக அதே வசவு. ஃப்ளரி மாமா வழக்கம்போலச் சீட்டுகளைப் பொறுக்கினார்.

அக்டோபர் 5

கல்லறை அலுவலகம். மேசையிலிருந்த பெண் சிரித்தாள்.

"எந்த மைக்கேல் சல்லிவன்? அந்த வருஷம் மட்டும் ஆறு பேர்."

ஆறு பேரும் அயர்லாந்தின் ஒரே முனையிலிருந்து வந்தவர்கள். அங்கே செம்பு தீர்ந்ததும் கடல் தாண்டி இங்கே, பியூட் நகரத்துச் செம்புச் சுரங்கங்களுக்கு வந்தார்கள். பேர்களும் கூடவே வந்தன, நாலைந்துதான். அதனால் வீட்டுக்கொரு பட்டப்பேர். செம்பட்டை சல்லிவன், படகு சல்லிவன். பழைய பதிவேட்டில் பேருக்குப் பக்கத்தில் அதையும் எழுதியிருக்கிறார்களாம்.

"உங்க பட்டப்பேர் என்ன? இல்ல, செத்த தேதி தெரியுமா?"

பனி பெய்த நாள் என்றுதான் அப்பாவுக்கு நினைவு. இந்த ஊரில் எட்டு மாதம் பனி.

அக்டோபர் 6

"எங்களுக்கு அதெல்லாம் கிடையாது. வெறும் சல்லிவன்தான்" என்றார் அப்பா. கொஞ்ச நேரம் இருமிவிட்டு, "சின்ன வயசுல எங்கம்மாகிட்டக் கேட்டேன். முதுகுல ஒண்ணு வச்சா. அதோட விட்டுட்டேன்."

கேட்டதற்கு ஏன் அடிக்க வேண்டும்?

அக்டோபர் 8

ஃப்ளரி மாமா வீடு. அவர் குடும்பமும் அயர்லாந்தின் அதே முனையிலிருந்து வந்ததுதான். ரொட்டிக்குப் பிசைந்துகொண்டிருந்தார், கையெல்லாம் மாவு.

"உனக்கு நெஜமாவே தெரியாதா, பிரீடா?"

"தெரியாது."

மாவைத் துடைத்தார். மெதுவாகத் துடைத்தார்.

"சூப்பு சல்லிவன்."

அயர்லாந்தின் பெரும் பஞ்சத்தில், புராட்டஸ்டன்ட் கோயிலுக்கு மாறிய கத்தோலிக்கர்களுக்குச் சூப் ஊற்றினார்கள். மாறியவர்கள் பிழைத்தார்கள். பஞ்சம் முடிந்ததும் திரும்பி வந்தார்கள். ஆனால் சூப்புக்கு மதத்தை விற்றவர்கள் என்ற பேர் ஒட்டிக்கொண்டது, பேரன் வரை. இங்கே கப்பலிறங்கியதும் பாட்டி அதைக் கடலில் போட்டுவிட்டதாக நினைத்திருக்கிறாள். தெருவுக்கே தெரியும். அப்பாவிடம் சொல்லக் கூடாதென்று வீடு வீடாய்ப் போய்க் கேட்டுக்கொண்டாளாம்.

"அந்த வார்த்தையைச் சொல்லித்தானே அப்பா உங்களைத் திட்டுறார். ஒரு நாளாவது திருப்பிச் சொல்லியிருக்கலாமே."

"சொல்லிட்டு, அப்புறம் வியாழக்கிழமை நான் யார்கூட சீட்டாடறது?"

அக்டோபர் 9

பதிவேடு. கல்லறையின் பதினான்காம் வரிசை. பேருக்குப் பக்கத்தில் அந்தச் சொல், அழகான கையெழுத்தில். அந்தக் குழியை ஒட்டி ஓர் ஆள் இடம் காலி.

இடம் கிடைத்தது என்று மட்டும் சொல்லலாம். தேதியை வைத்துக் கண்டுபிடித்தேன் என்று பொய் சொல்லலாம். யாருக்காக?

பல்கலையில் 'புலம்பெயர்வு' பற்றி நாற்பது பக்கம் எழுதினேன். அதில் இந்தச் சூப்புக் கிண்ணம் இல்லை. 1847இல் எவளோ ஒருத்தி, கையில் குழந்தை, வரிசையில் நின்றிருக்கிறாள். நிற்காவிட்டால் இதை எழுத ஆளில்லை.

அக்டோபர் 10. வியாழன்

"எப்படிக் கண்டுபிடிச்ச?" என்றார் அப்பா. பட்டப்பேரையும், அதைச் சொன்னது ஃப்ளரி மாமா என்பதையும் சொன்னேன்.

அப்பா எழுந்து தன் அறைக்குள் போனார். மாலை ஃப்ளரி மாமா வந்தபோது அறையை விட்டு வரவில்லை. மாமா சமையலறையில் அரை மணி நேரம் இருந்துவிட்டுப் போனார்.

அக்டோபர் 13

கோயிலுக்கு வர மாட்டேன் என்றார். எனக்கு நினைவு தெரிந்து முதல் முறை.

அக்டோபர் 14

அறையிலிருந்து இருமல் மட்டும்.

அக்டோபர் 17. வியாழன்

ஃப்ளரி மாமா மூடிய பானையோடு வந்தார். மேசையில் வைத்தார். அப்பா வெளியே வந்தார்.

"என்னடா அது?"

"பார்லி, ஆட்டுக்கறி. நீ குடிக்கலேன்னா உன் மக குடிப்பா."

அப்பா சீட்டைக் கலைத்தார். முதல் ஆட்டம் தோற்றார். அந்த வசவுக்காக நான் காத்திருந்தேன். மாமாவும்.

"சொல்லேன்டா. சொல்லாம ஆடினா உப்பே இல்ல" என்றார் மாமா.

"எத்தனை வருஷமாத் தெரியும் உனக்கு?"

"உன்கூட ஆட உட்கார்றதுக்கு முன்னாடியே."

அப்பா பானையின் மூடியைத் திறந்தார். பிறகு என்னிடம், "மூணு கிண்ணம் எடு."

நவம்பர் 2

இறந்தோர் நாள். கல் வெட்டுகிறவர் கல்லறைக்கே வந்தார், அளவெடுக்க. அப்பாவை நாற்காலியோடு தூக்கிப்போனோம். அப்பா தாளில் எழுதிக் கொடுத்ததை அந்த ஆள் இரண்டு தடவை படித்தார். பட்டப்பேரையுமா வெட்டணும் என்று கேட்டார்.

"வெட்டு. இல்லேன்னா எந்த மைக்கேல்னு எப்படித் தெரியும்?" என்றார் அப்பா.

கீழே பாதிக் கல்லைத் தனக்காகக் காலியாக விடச் சொன்னார். அதிலும் அதே பட்டப்பேர் வரும், எழுத்து ஒரே அளவாக இருக்கட்டும் என்றார்.