ரெட் போட்டுவிட்டு எழுந்துபோனவளுக்கு

அம்மா,

நேற்று மாலை உன் பேத்தியோடு கேரம் ஆடிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் ரெட் போட்டிருந்தேன், ஆபீஸிலிருந்து போன் அடித்தது. விரலெல்லாம் போரிக் பவுடரோடு எழுந்து, "கலைச்சிடாத, வந்துட்றேன்" என்றேன். சொன்ன பிறகுதான் தூக்கிவாரிப் போட்டது. கிட்டத்தட்ட நீ என்னிடம் கடைசியாகச் சொன்ன வார்த்தைகள் அவை.

கல்மண்டபம் பகுதியில் நமக்கிருந்தது ஒற்றை அறை. அப்பா இல்லை. துறைமுகச் சாலையில், கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் இடத்தில் உன் இட்லிக் கடை. வீட்டுக்கு வந்ததும் கொஞ்சம் படுக்கக்கூடாதா என்பாள் பக்கத்து வீட்டு அக்கா. நீ மாவு காய்ந்த புடவையோடு போர்டுக்கு எதிரே உட்காருவாய். பெற்ற பிள்ளையாயிற்றே என்று ஒரு காய்கூட விட்டுத்தரமாட்டாய்.

உன்னிடம் ஒரு விசித்திரமான சட்டம் இருந்தது. ஆட்டத்தின் நடுவே வேலை வந்தால் எழுந்து போகலாம். திரும்பி வரும்வரை யாரும் காயைத் தொடக்கூடாது. ஊரெல்லாம் இதுதான் சட்டம் என்று நம்பி, பள்ளிப் போட்டியில் பாதியில் எழுந்து ஒன்றுக்குப் போய்வந்தேன். என் இடத்தில் வேறொருவன் உட்கார்ந்திருந்தான். கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாய். கேரம் எங்கே கற்றாய் என்றால், "சின்ன வயசுலயே தெரியும்டா" என்று முடித்துவிட்டாய்.

நான் பதினொன்றாம் வகுப்பு படித்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை ரெட் போட்டாய். அடுத்து ஃபாலோவாக இன்னொரு காயைப் போட்டால்தான் ரெட் உனக்கு. அதற்குள் கடைக்கு ஆள் வந்திருப்பதாகக் கூப்பிட்டார்கள். "கலைச்சிடாதடா, ஃபாலோ வந்து போட்றேன்" என்று போனாய். கொஞ்ச நேரத்தில் உன்னைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அடுப்பு முன்னாலேயே சாய்ந்துவிட்டாயாம். மாரடைப்பு, அங்கேயே போய்விட்டாய் என்றார்கள். எனக்கு ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. உன்னைக் கிடத்த இடம் வேண்டுமென்று போர்டைத் தூக்கப் போனார்கள். உன் பக்கத்தில் நின்றுகொண்டே, "தொடாதீங்க, எங்கம்மா வந்து ஆடும்" என்று கத்தினேன்.

உன்னைத் தூக்கிவந்தவர்களில் ஒரு லாரிக்காரர்தான் என் தோளைப் பிடித்துக்கொண்டார். போர்டையே பார்த்துக்கொண்டிருந்தார். லாரிகள் வரிசையில் நிற்கும்போது டிரைவர்கள் டிரம் மேல் போர்டு வைத்து ஆடுவார்களாம். வரிசை நகர்ந்தால் ஆடிக்கொண்டிருக்கும் ஆள் எழுந்துபோய்த் தன் வண்டியை நகர்த்திவிட்டு வருவார். அதுவரை காய்கள் அப்படியே இருக்கும்.

"'எம் புள்ள ஒண்டியா ஆடிகினு கீறான், எனக்கும் கத்துக்குடுண்ணா'ன்னு உங்கம்மா வந்து நின்னுச்சு நைனா. ஸ்ட்ரைக்கர் புடிக்கவே தெரியாது அதுக்கு" என்றார்.

அந்த அதிர்ச்சி எனக்கு இன்னும் தெளியவில்லை அம்மா. நீ போனதைக்கூட எப்படியோ தாங்கிக்கொண்டேன். கை எண்ணெயைத் துடைத்துவிட்டு, அத்தனை ஆண்களின் கேலிக்கு நடுவே நின்று, என்னோடு ஆடுவதற்காகவே ஒரு விளையாட்டைக் கற்றுக்கொண்டு வந்திருக்கிறாய். நான் அதை உன் பொழுதுபோக்கு என்றல்லவா நினைத்திருந்தேன்.

நேற்று எழுந்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். "இன்னாப்பா, போவலியா?" என்றாள் உன் பேத்தி. ஃபாலோ அடித்தேன். காய் விழவில்லை. அவள் இரக்கமே இல்லாமல் ரெட்டை எடுத்து நடுவில் வைத்தாள். போன் மறுபடியும் அடித்தது.

நான் எழுந்திருக்கவில்லை அம்மா.