நீல மையில் பதினோரு ஷார்ப்

சிட்லபாக்கம்,
12-8-2025

அன்புள்ள சுப்ரஜாவுக்கு,

அம்மாவின் ஆசீர்வாதம். நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம். அவருடைய முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, தைலமும் அப்படியேதான் இருக்கிறது, தடவினால்தானே குறைய.

வாட்ஸ்அப் இருக்கும்போது இதென்ன காகிதம் என்று நினைப்பாய். ஃபோனில் சொல்லத்தான் பார்த்தேன். உன் குரலைக் கேட்டதும் மூக்கை உறிஞ்ச ஆரம்பித்துவிடுகிறேன், நீ என்னம்மா என்கிறாய், நான் ஒன்றுமில்லை, ஜலதோஷம் என்கிறேன். இப்படியே மூன்று ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது. வாட்ஸ்அப்பில் எழுதினாலோ, நீ படித்துவிட்டாயா என்று அந்த டிக்கையே பார்த்துக்கொண்டு அடுப்பில் பாலைப் பொங்கவிடுவேன். அதனால்தான் கூரியர். கூடவே சாத்தமுதுப் பொடியும் மணத்தக்காளி வற்றலும் வைத்திருக்கிறேன். பழுப்பு உறை ஒன்றும் இருக்கும். கடிதத்தை முடித்துவிட்டு அதைப் பிரி.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்த இசைக் கல்லூரி உன்னை வேண்டாம் என்றதே, அதற்கு நீ காரணம் இல்லை. நான்தான் காரணம். இது எனக்கே போன மாதம்தான் தெரிந்தது.

எப்படித் தெரிந்தது என்று சொல்கிறேன். ஜனவரியில் நீ ஃபோன் செய்து, கீபோர்டை அங்கே தூசி தட்டிக்கொண்டிருக்க வேண்டாம், மேடவாக்கத்தில் நிகில் என்று ஒருவன் கேட்கிறான், கொடுத்துவிடு, காதே இல்லாதவளுக்கு அது எதற்கு என்றாய். சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். எனக்கு அந்தச் சிரிப்புப் பிடிக்கவில்லை. அந்த நிகிலிடம் இன்றைக்கு வா, நாளைக்கு வா என்று சாக்குச் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஸ்கூலிலிருந்து ரிட்டயர் ஆன பிறகு பொழுதும் போகவில்லை. நாமே கற்றுக்கொண்டு இவளை அசத்தினால் என்ன என்று ஒரு அசட்டு ஆசை வந்தது. அப்பாவைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை.

பம்மலில் கிறிஸ்டினா என்று ஒரு டீச்சர். அவர்கள் சர்ச்சில் பாட்டுக் குழுவை நடத்துகிறவள், என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள். கீழ்த்தளத்தில் தோல் கையுறை தைக்கிற பட்டறை. மேலே நாங்கள். மெஷின் நிற்கிற நேரம் பார்த்துத்தான் மெதுவான பாடமெல்லாம் நடக்கும். செவ்வாயும் வெள்ளியும் சானடோரியத்தில் ரயில் ஏறி, பல்லாவரத்தில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்துப் போவேன். வெள்ளிக்கிழமையென்றால் சந்தைக் கூட்டத்தில் நசுங்கித்தான் வெளியே வரவேண்டும். ஆட்டோக்கார லோகு ஒருநாள், இன்னா டீச்சர், இந்த வயசுல நோட்டைத் தூக்கிகினு எங்க போறீங்க என்று கேட்டான். பாட்டு கிளாஸுக்கு என்றேன். பரவால்ல டீச்சர், எங்க வூட்டம்மா சீரியல் முன்னாடி குந்துனா எந்திரிக்கவே மாட்டேங்குது என்றான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பெருமையெல்லாம் ஜூலை பதினைந்தாம் தேதி வரைக்கும்தான்.

அன்றைக்கு மைனர் ஸ்கேல் பாடம். உனக்கு இதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு, ஆனாலும் நான் படித்த மாதிரியே சொல்கிறேன், கேள். முதலில் நேச்சுரல் மைனர். ஏ-யில் ஆரம்பித்து வெள்ளைக் கட்டையாகவே வாசித்துக்கொண்டு போனால் முடிந்தது. இது நம் நடபைரவிதானே என்றேன். கிறிஸ்டினாவுக்கு அந்தப் பெயர் தெரியாது, ஆனால் தலையாட்டினாள். அடுத்தது ஹார்மோனிக். ஏழாவது ஸ்வரத்தை மட்டும் அரை ஸ்தானம் தூக்க வேண்டும், ஜி போய் ஜி ஷார்ப். கீரவாணி என்றேன். அப்படித் தூக்கினால்தான் மேல் ஏ-க்குப் பக்கத்தில் போய் நிற்கும் டீச்சர், கதவைத் தட்டுற மாதிரி என்றாள். ஆனால் ஆறாவதுக்கும் ஏழாவதுக்கும் நடுவில் பெரிய பள்ளம் விழுந்துவிடுகிறது, பாடுகிறவர்களுக்குத் தடுக்கும். அதற்காக ஆறையும் சேர்த்துத் தூக்கினால் மெலோடிக். கௌரிமனோகரி என்று நான் குதித்தேன். மூன்றுக்கு மூன்று மார்க் என்று எனக்கு நானே போட்டும் கொண்டேன்.

அப்போதுதான் அவள், இருங்க டீச்சர், இன்னும் முடியலை, இறங்கும்போது தூக்கினது ரெண்டையும் பழையபடி இறக்கிடணும் என்றாள். ஏன் என்றேன். ஏறும்போது வீட்டுக்குப் போறோம், அதான் அந்த அவசரம், இறங்கும்போது வீட்டை விட்டுக் கிளம்பறோம், அப்ப என்ன அவசரம் என்று சொல்லி வாசித்துக் காட்டினாள். எஃப் ஷார்ப்பும் ஜி ஷார்ப்புமாக ஏறினாள். சாதா ஜி, சாதா எஃப் என்று இறங்கினாள்.

இன்னொரு தரம் இறங்கிக் காட்டச் சொன்னேன், சுப்ரஜா.

உனக்கு அம்மை போட்டிருந்த அந்தப் பங்குனி மாதத்தை நினைத்துப் பார். உள் அறையில் வேப்பிலையும் நீயுமாகக் கிடந்தாய். கையெழுத்துப் பிரதிதான் வேண்டும் என்று கல்லூரியில் கேட்டிருந்தார்கள். நூற்றிரண்டு டிகிரி காய்ச்சலோடு உட்கார்ந்து, நாலு பேர் வாசிக்கிற மாதிரி நீ அமைத்த உருப்படியைக் கறுப்புப் பேனாவில் எட்டுப் பக்கம் படியெடுத்தாய். கடைசி நாளன்று உன்னால் எழுந்திருக்க முடியவில்லை. ஸ்கேன் பண்ணி அனுப்பிடும்மா என்று பாஸ்வேர்டையும் சொல்லிக் கொடுத்தாய். தாம்பரத்தில் பிரவுசிங் சென்டருக்குப் போனேன். எனக்கு முன்னால் ஆதார் திருத்த நாலு பேர் நின்றார்கள். சும்மா உட்கார்ந்திருக்க எனக்குத்தான் தெரியாதே. பக்கத்தைப் புரட்டினேன்.

நீ பிள்ளையார் சுழி போட்டு வாசிக்கக் கற்றுக்கொண்ட காலத்தில் பக்கத்தில் உட்கார்ந்து நானும் நோட்டேஷன் எழுத்துக்கூட்டக் கற்றதுதான். அரைகுறை. அந்த அரைகுறைக்குக் கண்ணில் பட்டது என்னவென்றால், முதல் வயலின் ஏறும்போது எஃப்-க்கும் ஜி-க்கும் ஷார்ப் குறி போட்டிருக்கிறாய், அடுத்த கட்டத்தில் இறங்கும்போது இரண்டுக்கும் குறியே இல்லை. ஒரு இடத்தில் இல்லை, பல இடங்களில். பாவம், காய்ச்சலில் குழந்தை விட்டுவிட்டது என்று நினைத்தேன். முப்பத்திரண்டு வருஷம் கணக்குத் திருத்தின கை இது. கல்யாணப் பத்திரிகை வந்தால்கூடப் பிழையைச் சுழித்துவிட்டுத்தான் சுவாமி முன்னால் வைப்பேன் என்று நீயே கேலி செய்வாய். பையிலிருந்து நீலப் பேனாவை எடுத்து, விட்டுப்போன இடத்திலெல்லாம் ஷார்ப் போட்டேன். பதினோரு இடம். போட்டு முடித்ததும் எனக்கு எவ்வளவு திருப்தி தெரியுமா. நல்லவேளை பார்த்தோம் என்று இருந்தது. கறுப்பு வெள்ளையில் ஸ்கேன் பண்ணி அனுப்பிவிட்டேன், உன்னிடம் சொன்னால் பதறுவாய் என்று சொல்லவும் இல்லை.

கல்லூரியிலிருந்து வந்த பதில் உனக்கு மனப்பாடமாகவே இருக்கும். மைனர் ஸ்கேலின் அடிப்படையே பிடிபடவில்லை, மேல் குரலும் கீழ்க் குரல்களும் முட்டிக்கொள்கின்றன, காதுப் பயிற்சி போதாது என்று எழுதியிருந்தார்கள். நீ அனுப்பினதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. காய்ச்சல்ல என்ன கிறுக்கினேனோ, நிஜமா காது இருக்கறவளுக்குக் காய்ச்சல்லயும் கேக்கணும் இல்லையா என்றாய். காகிதத்தையெல்லாம் பழைய பேப்பரில் போடச் சொன்னாய். கீபோர்டை உறை போட்டு மூடினாய். அதற்கப்புறம் இன்ஷூரன்ஸ் சாஃப்ட்வேர், கனடா, கால்கரி, பனி.

அன்றைக்கு நான் என்ன சொன்னேன் என்று ஞாபகம் இருக்கிறதா. போகட்டும் விடு, எல்லாருக்கும் எல்லாம் வந்துடுமா என்றேன். பதினோரு தப்பைத் திருத்தியும் இவ்வளவு மீதி இருந்திருக்கிறதே என்று மனசுக்குள் உன்னைக் குறைத்தும் எடை போட்டேன். இதை எழுதாமல் விட்டுவிடலாம், உனக்குத் தெரியப்போவதில்லை. ஆனால் மற்றதைச் சொல்லி இதை மட்டும் ஒளித்தால் அது என்ன மன்னிப்பு.

பம்மலிலிருந்து எப்படி வீடு வந்தேன் என்று தெரியாது. நேரே பீரோவைத் திறந்தேன். நீ போடச் சொன்ன காகிதத்தை நான் போடவில்லை, என் பட்டுப்புடவைக்கு அடியில்தான் வைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை கிறிஸ்டினாவிடம் எடுத்துப் போனேன். எழுதியது யார் என்று சொல்லாமல் வாசிக்கச் சொன்னேன். இரண்டாம் பக்கத்திலேயே முகத்தைச் சுளித்து நிறுத்தினாள். மேல ஒண்ணு, கீழ ஒண்ணு, சண்டை போடுதே டீச்சர், அடியில செல்லோ சாதா எஃப் வாசிக்குது, மேல ஷார்ப் எதுக்கு என்றாள். நீல மையை விட்டுவிட்டுக் கறுப்பை மட்டும் வாசி என்றேன்.

வாசித்தாள். கீழே பட்டறையில் சாப்பாட்டு நேரம், மெஷின் நின்றிருந்தது. எனக்குத் தியரி தெரியாது, நாலு குரலை ஒருத்தி இரண்டு கையால் வாசிக்கும்போது எவ்வளவு விட்டுப்போகும் என்றும் தெரியாது. ஆனால் ஏறிப் போய்விட்டு இறங்குகிறாயே அந்த இடம், அங்கே எனக்குத் தாங்கவில்லை. முடிந்ததும் அவள் முதல் பக்கத்துக்குத் திருப்பி இன்னொரு தரம் வாசித்தாள். இது யாரு எழுதினது என்று அப்புறம்தான் கேட்டாள். என் பெண் என்று அடுத்த செவ்வாய்க்கிழமைதான் என்னால் சொல்ல முடிந்தது.

இதில் இன்னொரு அவமானம் கேள். பைரவியில் ஏறும்போது ஒரு தைவதம், இறங்கும்போது வேறொரு தைவதம். நாற்பது வருஷமாகப் பாடுகிறேன். யாராவது இறங்கும்போது ஏறின தைவதத்தைப் பிடித்தால் சபாவிலிருந்து எழுந்து வந்துவிடுவேன். அந்த நியாயம் என் வீட்டுக் குழந்தை எழுதின தாளில் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லையே. பைரவிக்கு இருக்கிற மரியாதையை உனக்குத் தர மறந்தேன். அதுதான் விஷயம், மற்றதெல்லாம் அப்புறம்.

அப்பாவிடம் சொன்னேன். பேப்பரை மடித்து வைத்தார். சமையலறைக்குப் போய் எனக்குக் காபி போட்டுக் கொண்டுவந்தார். கல்யாணமாகி முப்பது வருஷத்தில் முதல் காபி, வாயில் வைக்க வழங்கவில்லை. குழந்தைகிட்ட நீயே சொல்லு, நான் சொன்னா அது உனக்காகப் பேசற மாதிரி ஆயிடும் என்றார்.

உடனே கல்லூரிக்கு நானே எல்லாவற்றையும் விளக்கி ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தேன். இரண்டு பக்கம் எழுதியும் விட்டேன். கிறிஸ்டினாதான் தடுத்தாள். டீச்சர், அது உங்க பொண்ணோட பேப்பர், மறுபடி கை வைக்காதீங்க என்றாள். சுருக்கென்றுதான் இருந்தது. ஆனாலும் கிழித்துப் போட்டேன்.

ஆகையால் அந்த எட்டுப் பக்கமும் பழுப்பு உறையில் இருக்கிறது. எதையும் அழிக்கவில்லை. நீலத்தில் இருப்பதெல்லாம் என் கை, கறுப்பில் இருப்பதெல்லாம் நீ. மறுபடி விண்ணப்பம் போடு என்று சொல்ல எனக்கு யோக்யதை இல்லை, சொல்லவும் மாட்டேன். வேலை உனக்குப் பிடித்திருந்தால் இரு. நிகிலுக்குக் கீபோர்டைக் கொடுக்கத்தான் வேண்டும் என்றாலும் கொடுத்துவிடுகிறேன். ஆனால் கொடுப்பதற்கு முன்னால் ஒரே ஒரு தரம் அந்தக் கறுப்பை மட்டும் எங்கேயாவது உட்கார்ந்து வாசித்துக் கேள். அந்த ஊரில் பியானோ இல்லாமலா இருக்கும்.

என் மேல் கோபம் வரும். வரட்டும், நியாயம்தான். ஒரு மாதம் ஃபோன் எடுக்காமல் இரு, ஒரு வருஷம் வேண்டுமானாலும் இரு, நான் இங்கேதான் இருப்பேன். ஆனால் இந்த மூன்று வருஷமாக உன் மேலேயே நீ வைத்திருக்கிறாயே ஒரு கோபம், அதை மட்டும் எடுத்து இங்கே அனுப்பிவிடு கண்ணா. அது என்னுடையது.

பெருமாள் உனக்கு எல்லா நன்மையும் கொடுக்கட்டும். காது நன்றாகத்தான் கொடுத்திருக்கிறார், அதை நான் சொல்கிறேன்.

உன் அம்மா,
சுந்தரவல்லி