ஆள் ஏற்ற மாட்டோம்

ஆர்.டி.ஓ. ஆபீசில் வண்டியை எஃப்.சி.க்குக் காட்ட வேண்டிய மாதம் இது. பைபாஸ் ஓரத்துப் பட்டறையில் பெயின்ட் அடிக்க விட்டிருக்கிறேன். இன்று காலை போனபோது தின்னர் வாசனை தெருமுனையிலேயே மூக்கில் ஏறியது. பெயின்டர் பின் கதவின் முன்னால் குந்தி உட்கார்ந்து உப்புத்தாளால் தேய்க்கத் தயாராக இருந்தார். "அண்ணே, இந்த எழுத்து கோணலும் மாணலுமா இருக்குது. அழிச்சிட்டு நீட்டா ஸ்டிக்கர் ஒட்டிர்லாமா?" என்றார். அவர் கையிலிருந்த தாளைப் பிடுங்கிவிட்டேன். அந்த மனிதர் மிரண்டுபோய் எழுந்து நின்றார். அவர்மேல் எனக்கு என்ன கோபம்? கோபம் உன்மேல்.

"ஆள் ஏற்ற மாட்டோம்." நீ எழுதியது. முதல் எழுத்துகள் பெரிதாக இருக்கும், போகப் போகச் சிறுத்துக் கடைசியில் வலது ஓரத்தில் போய் முட்டிக்கொண்டு நிற்கும். இடம் எவ்வளவு என்று பார்க்காமல் ஆரம்பித்துவிடுவது உன் வழக்கம். நீ போய் ஆறு வருடம் ஆகிறது. மற்றவர்களுக்கு உன்னை நினைத்தால் அழுகை வருகிறது. எனக்கு இன்னும் கோபம்தான் வருகிறது.

டேனரியில் உப்புத் தோல் இறக்கிக்கொண்டிருந்த நாட்கள் உனக்கு நினைவிருக்கும். டீ நேரத்தில் கேட்டருகே நின்று, வருகிற போகிற லோடு வண்டிகளுக்கெல்லாம் மார்க் போடுவாய். குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டியைக் கண்டால் உனக்கு இளக்காரம். "ரெண்டு கட்டு தோல் வெச்சா மூஞ்சத் தூக்கிக்கும்டா இது" என்பாய். மூக்கு நீண்ட வெள்ளை பிக்கப் ஒன்று வந்தால் மட்டும் டீயை அப்படியே என் கையில் கொடுத்துவிட்டு ஓடுவாய். குனிந்து பின்சக்கரத்தின் மேல் ஸ்பிரிங் பட்டை எத்தனை என்று எண்ணுவாய், பாடியின் நீளத்தைச் சாணால் அளப்பாய், டிரைவர் முறைத்தால் சிரிப்பாய். அந்த வண்டியையே கட்டிக்கொள்ளப் போகிறவன் என்று டேனரியில் எல்லோரும் உன்னைக் கேலி செய்தார்கள்.

வண்டி வருவதற்கு இரண்டு வருடம் முன்பே லாங் பஜாரில் தார்ப்பாயும் கயிறும் வாங்கிவிட்டாய். தலையில் வைத்துக்கொண்டு கூட்டத்தில் இடித்துப் பிடித்து பஸ் ஸ்டாண்டு வரை நடந்தோம். "வண்டியே இல்ல, தார்ப்பாய் இன்னாத்துக்குடா?" என்று கேட்டேன். "இது வீட்ல இருந்தா அது தானா வரும்" என்றாய். இரண்டு வருடம் உன் அம்மா அதில் வேர்க்கடலை காய வைத்தார்கள். பிறகு அது வந்தது. அரக்கோணத்தில் பால் கேன் ஏற்றிக்கொண்டிருந்த மூன்றாம் கை வண்டி. வெள்ளை என்று சொல்ல முடியாது, பழுப்பு. திரும்பி வரும்போது பாதி தூரம் நீ ஓட்டினாய், பாதி தூரம் நான். வீட்டு வாசலில் இறங்கியதும், "நம்மளுதுடா" என்றாய்.

நம் பக்கத்தில் ஒரு வீட்டுக்கு பிக்கப் வந்தால் அது தெருவுக்கே வந்ததுபோல்தான். காதுகுத்து, வளைகாப்பு, கோயிலுக்குப் பொங்கல் வைக்க, சாவு வீட்டுக்கு என்று ஜமக்காளத்தை விரித்து இருபது பேர் ஏறிவிடுவார்கள். வண்டி கிடைக்குமா என்று யாரும் கேட்பதில்லை. எத்தனை மணிக்குக் கிளம்புகிறது என்றுதான் கேட்பார்கள். நாமும் முதல் மாதம் சந்தோஷமாக ஏற்றினோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான்கு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு அமிர்திக்குப் போனோமே, அன்று வளைவில் ஒரு குழந்தை மரக்கிளையைப் பிடிக்க எட்டிச் சாய்ந்தது. பின்னால் நின்றிருந்த நீ அதன் கவுனைப் பிடித்து இழுத்தாய். குழந்தையின் அம்மாவுக்கு அது தெரியக்கூட இல்லை. அருவியில் எல்லோரும் குளித்தார்கள். நீ வண்டியிலேயே உட்கார்ந்திருந்தாய். மறுநாள் காலை மிச்சமிருந்த கறுப்புப் பெயின்டை எடுத்து இந்த மூன்று வார்த்தைகளை எழுதினாய்.

உன் பெரியப்பா பங்காளி வீட்டுச் சாவுக்கு வண்டி கேட்டு வந்தார். எழுத்தைப் படித்துவிட்டு, "இன்னாடா, சாவுக்குக் கூடவா?" என்றார். "மாலை ஏத்தறேன், சேர் ஏத்தறேன், பந்தல் சாமான் ஏத்தறேன். ஆள் ஏத்த மாட்டேன் பெரிப்பா" என்றாய். அன்றோடு அவர் உன் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. போய்ச் சமாதானம் பேசு என்று நான்தான் சொன்னேன். "பேசலன்னா போவட்டும்டா. உசுரோட இருந்துட்டுப் பேசாம இருக்கட்டும்" என்றாய். எனக்கு அன்று உன்னைப் பார்க்கப் பெருமையாக இருந்தது. நான்கு வருடம் அந்தச் சொல் நின்றது. ஊரில் நம்மைத் திமிர் பிடித்தவர்கள் என்றார்கள். இரண்டு பேரும் அதைக் கேட்டுச் சிரித்தோம்.

அப்புறம் உன் மச்சான் வந்தார். அவர் பெண்ணுக்குக் காதுகுத்து. பெரியப்பாவிடம் நிமிர்ந்து நின்ற உனக்கு மாமியார் வீடு என்றதும் முதுகு வளைந்துவிட்டது. "ஒரே ஒரு தபாடா. அவங்க முன்னாடி என்னக் கேவலப்படுத்தாத" என்று என்னிடம் கெஞ்சினாய். முந்தின நாள்தான் உப்புத் தோல் ஏற்றியிருந்தோம். உன் மாமியாருக்கு நாற்றம் ஆகாது என்று பாடியை மூன்று முறை கழுவினாய், பினாயில் தெளித்தாய், துடைத்தாய், மோந்து பார்த்தாய். மோந்து பார்க்கத் தெரிந்தவனுக்குப் பின் கதவின் கொண்டியைக் கழற்றிப் பார்க்கத் தெரியவில்லை.

அந்தக் கொண்டியைப் பற்றி நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கிறேன். உப்புத் தோல் ஏற்றுகிறவன் ஒவ்வொரு லோடுக்குப் பிறகும் தண்ணீர் அடிக்க வேண்டும். அடித்தோம். ஆனால் கொண்டி இறுகும்போதெல்லாம் கழுவாமலே கிரீஸ் தடவினோம். தோலிலிருந்து வடிந்த உப்புத் தண்ணீர் உள்ளே நிற்க, அதன் மேல் கிரீஸ் போட்டு மூடினோம். வெளியே பளபளவென்று இருந்தது. உள்ளே நான்கு வருடமாக உப்பு இரும்பைத் தின்றுகொண்டிருந்தது. தோல் லோடு அடிக்கிற நம்மைப் போன்றவர்களுக்கு இது தெரியாதா? தெரியும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று நீயும் சொன்னாய், நானும் சொன்னேன்.

கேபினில் உன் மாமியாரை உட்கார வைத்தாய். பின்னால் பதினெட்டுப் பேர். "பசங்க உள்ள தள்ளி உக்காருங்க. கதவாண்ட நான் இருக்கறேன்" என்று சொல்லிவிட்டு, பின் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாய். கோயிலுக்கு ஒரு கிலோமீட்டர் இருக்கும்போது ஒரு வேகத்தடை. மெதுவாகத்தான் ஏற்றி இறக்கினேன், சத்தியமாக மெதுவாகத்தான். இடது கொண்டி விட்டுவிட்டது. கதவு கீழே விழுந்தது, நீயும் பின்பக்கமாக ரோட்டில் விழுந்தாய். வேறு ஒருவருக்கும் சின்னச் சிராய்ப்புகூட இல்லை. வேலூர் ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கண் திறக்காமல் கிடந்து போய்விட்டாய்.

வந்தவர்கள் எல்லோரும் விதி என்றார்கள். எனக்கு அவர்கள் வாயை மூட வேண்டும்போல் இருந்தது. விதி என்ன விதி? கேட்டது அவர்கள், ஒப்புக்கொண்டது நீ, சாவியைத் திருப்பியது என் கை. நான் மாட்டேன் என்று சொல்லியிருந்தால் நீ ஒரு வாரம் என்னோடு பேசாமல் இருந்திருப்பாய். அவ்வளவுதான். கேஸ் என்மேல்தான் போட்டார்கள், போடட்டும். ஸ்டேஷனில் கிடந்த வண்டி திரும்பி வந்த மூன்றாம் மாதம் உன் மச்சான் மறுபடி வந்து நின்றார். யாருக்கோ சீமந்தமாம். என்ன கேட்டார் தெரியுமா? "பின் டோரு சரி பண்ணிட்டீங்க இல்ல?" என்று கேட்டார். என் வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது.

வண்டியை விற்றுவிட நினைத்தேன். "விக்காதீங்கண்ணா" என்று உன் மனைவி ஒரே வார்த்தை சொன்னாள். அதனால் ஓட்டுகிறேன். உன் பெண் யமுனா வளர்ந்துவிட்டாள், ஷூ கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கிறாள். போன மாதம் அவளுக்கு நிச்சயதார்த்தம். சீர்த் தட்டுகளையும் பாத்திரங்களையும் நம் வண்டியில் ஏற்றிக்கொள்கிறேன், ஆட்களுக்கு வேன் பிடித்திருக்கிறேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன். காலையில் வேன் வர அரைமணி நேரம் தாமதம். தட்டுகளை ஏற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தால், உன் மச்சான் பன்னிரண்டு பேரோடு பின்னால் ஏறி உட்கார்ந்திருக்கிறார்.

சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கி நின்றேன். "நல்ல நேரம் போவுது, எடுய்யா வண்டிய" என்றார். எடுக்க மாட்டேன் என்றேன். "இது உன் ஒருத்தன் வண்டியா? பாதி எங்க மச்சானுது. நல்ல நாளும் அதுவுமா பேஜார் பண்ணாத" என்று தெருவே கேட்கக் கத்தினார். இன்னும் ஒரு நிமிடம் போயிருந்தால் அடித்திருப்பேன்.

யமுனா பட்டுப் புடவையோடு வெளியே வந்தாள். யாரையும் சமாதானப்படுத்தவில்லை. நேராக வண்டியின் பின்னால் போய் அந்த எழுத்தின் மேல் உள்ளங்கையை வைத்தாள். "மாமா, இது எங்கப்பா எழுதனது. எறங்குங்க" என்றாள். அவர் ஏதோ சொல்ல வந்தார். "எறங்குங்க மாமா" என்று மறுபடி அதே குரலில் சொன்னாள். கடைசி ஆள் இறங்கும் வரை கையை எடுக்கவில்லை. அப்புறம் என்னைப் பார்த்து, "சித்தப்பா, நீங்க தட்ட எடுத்துக்கினு முன்னாடி போங்க. நாங்க வேன்ல வர்றோம்" என்றாள். இருபத்து மூன்று வயதுப் பெண் ஒரு வார்த்தையில் செய்ததை நாம் இரண்டு ஆண்பிள்ளைகள் செய்யவில்லையே என்று ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உன்னைத் திட்டினேன். என்னையும் சேர்த்துத்தான்.

இன்று காலை பெயின்டரிடம் உப்புத்தாளைத் திருப்பிக் கொடுத்தேன். எழுத்தை விட்டுவிட்டுச் சுற்றி அடிக்கச் சொன்னேன். அவர் தலையைச் சொறிந்துவிட்டு ஒப்புக்கொண்டார். கொண்டி இரண்டையும் நானே கழற்றி, நல்ல தண்ணீரில் கழுவி, வெயிலில் காய வைத்துவிட்டு வந்தேன். ஒவ்வொரு உப்பு லோடுக்குப் பிறகும் இப்படித்தான் செய்கிறேன், காய்ந்த பிறகுதான் கிரீஸ்.

திரும்பும்போது டீக்கடையில் உன் மச்சான் நின்றிருந்தார். பக்கத்தில் அன்று காது குத்திக்கொள்ள நம் வண்டியில் வந்த அந்தப் பெண், பன்னை டீயில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தாள். அவர் என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நிச்சயதார்த்தத்திலிருந்து என்னோடு பேச்சில்லை. நீ சொன்னதுதான். உயிரோடு இருந்துவிட்டுப் பேசாமல் இருக்கட்டும்.