எச்சில் சொன்ன பூர்வீகம்

ஜனவரி 17

பனி. பள்ளிக்கூடம் மூடியதால் எனக்கும் அங்கே சமையல் இல்லை. மரபணுச் சோதனை முடிவு வந்துவிட்டது. எச்சில் துப்பி அனுப்பியதற்கு நல்ல பதில்! அம்மா வழி அயர்லாந்து, சரி. அப்பா வழி முழுக்கக் கிழக்கு ஐரோப்பாவின் கார்பேத்திய மலைப்பக்கம். ஆஸ்திரியா ஒரு துளிகூட இல்லை. ஆலோயிஸ் தாத்தா வியன்னாவிலிருந்து பென்சில்வேனியாவுக்கு வந்த ரொட்டிக்கடைக்காரர் ஆயிற்றே?

ஜெரால்டு அண்ணனுக்கு ஃபோன் செய்தேன். "மெஷின் உளறுது, மார்லீன். தாத்தா தூக்கத்துலகூட ஜெர்மன்லதான் புலம்புவாரு." அவன் ஊர் ஆஸ்திரியச் சங்கத்துக்குத் தலைவர் வேறு.

ஜனவரி 29

சோதனை காட்டிய ரத்த உறவு: ஓல்கா ஃபெடோர்சாக், வயது எழுபத்தாறு. கூப்பிட்டேன். அப்பாவின் அம்மா பேரைச் சொன்னதுமே, "நீ அன்னாவோட பேத்தியாடி? எங்க தாத்தா சாகுறவரைக்கும் உங்களத்தான் தேடினாரு!" என்று ஒரே கூச்சல்.

பிப்ரவரி 5

ஓல்கா வீட்டுக்குப் போனேன். எனக்கு அக்கா முறை. முட்டைக்கோஸ் சூப் ஊற்றிக்கொண்டே சொன்னாள்: அன்னா பாட்டியின் முதல் கணவர் வாசில் ஃபெடோர்சாக், ஓல்கா தாத்தாவின் தம்பி, கார்பேத்திய மலையின் லெம்கோ இனத்தவர். அப்பா கைக்குழந்தையாக இருந்தபோது நிலக்கரிச் சுரங்கம் இடிந்து செத்துப்போனார். பாட்டி குழந்தையோடு எங்கோ போய்விட்டாள். பிறகு ஆலோயிஸ் தாத்தா கட்டிக்கொண்டு, அப்பாவுக்குத் தன் பேரைக் கொடுத்திருக்கிறார்.

சுவரில் வாசிலின் படம். அண்ணனுக்கு மீசை ஒட்டினாற்போல.

பிப்ரவரி 6

சொல்வதா? அவனுக்குத் தாத்தா என்றால் உயிர்.

பிப்ரவரி 8

சொல்லிவிட்டேன். "அப்போ எனக்கு அவரு யாருமில்லையா? இத நோண்டச் சொல்லி உன்ன யாரு கேட்டா?" கோட்டைக்கூட மாட்டாமல் பனியில் இறங்கிப் போனான். ஏன்தான் வாயைத் திறந்தேனோ.

பிப்ரவரி 27

அண்ணன் ஃபோன் எடுக்கவில்லை. சங்கத் தலைவர் பதவியையும் விட்டுவிட்டானாம்.

மார்ச் 12

காலையில் அவனே வந்து நின்றான். காபி ஆறியும் குடிக்கவில்லை.

"சின்ன வயசுல அப்பாவுக்கு டிப்தீரியா வந்தப்போ தாத்தா கடைய மூடிட்டு ஆஸ்பத்திரியிலயே கிடந்தாராம். அப்பா சொல்வாரு."

"ஞாபகம் இருக்குண்ணா."

"பெத்த புள்ள இல்லன்னு தெரிஞ்சேதான கிடந்திருக்காரு. சாகுற வரைக்கும் அத ஒரு சொல்லால, ஒரு பார்வையால… நமக்குக் காட்டினதில்லையே மார்லீன்."

அழுதான். அறுபத்தெட்டு வயசு ஆளு. எனக்கும் தாங்கல. அப்புறம் முட்டை பொரித்தேன், நாலு தின்றான். போகும்போது, "அந்தச் சுரங்கத்துக்காரர எங்க புதைச்சிருக்கு?" என்று கேட்டான்.

ஏப்ரல் 9

ஈஸ்டர். ஓல்காவுக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறது, அவர்கள் கீழைத் திருச்சபை, பழைய நாட்காட்டிக் கணக்கு. அண்ணன் வீட்டில் பன்றித்தொடை. வயிறு முட்ட.

ஏப்ரல் 23

அவர்கள் ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு, கல்லறைகளுக்கு மந்திரித்த நீர் தெளிக்கும் நாள். நல்ல வெயில். அண்ணன் கோட்டு சூட்டோடு வந்தான். ஓல்கா அவன் கன்னத்தைக் கிள்ளி, "வாசிலேதான்! இவ்வளவு நாளு எங்கடா இருந்த?" என்றாள். நிமிடத்தில் சிவந்துவிட்டான்.

பாதிரியார் வாசிலின் கல்லுக்கு வந்து, ஜெபத்தில் சொல்லவேண்டிய பேரைக் கேட்டார்.

அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டான். "வாசில். அப்புறம், ஆலோயிஸ்."

"ஆலோயிஸும் இங்கதான் இருக்காரா?"

"இல்ல ஃபாதர். அவரு எங்க ஊர்ல. ரெண்டு பேரும் எங்க அப்பாவோட அப்பா."

பாதிரியார் ஓல்காவைப் பார்த்தார். "சேத்தே சொல்லுங்க ஃபாதர்," என்றாள் அவள்.

ஜெபத்தில் இரண்டு பெயரையும் சேர்த்தே பாடினார்.