அழுத்தம் குறைக்கும் வளையல்

மார்ச் 4, செவ்வாய்

மணிக்கட்டு வலிக்கிறது. ஆனாலும் எழுதாமல் இருக்க முடியாது.

சாலையை அகலப்படுத்த மலையை வெட்டியிருக்கிறார்களே, அந்தச் சுவரில்தான் இன்று முழுக்க. பாறை எந்தக் காலத்திலோ உடைந்து, ஒரு பக்கம் இன்னொன்றின் மேல் உரசி நகர்ந்திருக்கிறது. உரசிய இடமெல்லாம் பளபளப்பு, அதன் மேல் கீறல்கள். உள்ளங்கையால் தடவினால் ஒரு பக்கமாக வழுக்குகிறது, எதிர்ப்பக்கமாகச் சொரசொரக்கிறது, பூனை முதுகைத் தடவுவது போல. எந்தப் பக்கம் நகர்ந்தது என்று கையே சொல்லிவிடும். இத்தனை பிளவுகளும் இப்படி நகர வேண்டுமானால், பூமி அன்று எந்தத் திசையில் நெருக்கியிருக்க வேண்டும்? அதுதான் என் கேள்வி. புத்தகத்தில் தகைவு என்று போட்டிருக்கும். எனக்கு அழுத்தம் என்றால்தான் மனதில் ஒட்டுகிறது.

காம்பஸ் வைத்து ஒவ்வொரு கீறலின் திசையையும் அளக்கிறோம். இடது பாதி நான், வலது பாதி என் கூட்டாளி. அவருக்கு நான் வைத்த பெயர் கல்லுளிமங்கன். காலையிலிருந்து மாலை வரை அவர் பேசியது, "தண்ணி இருக்கா?"

வீட்டில் நாத்தனார் நேரெதிர். சில நாள் எங்களோடு தங்க வந்ததும் முதல் வேலையாக என் கையில் ஒரு செம்பு வளையலை மாட்டிவிட்டார். "கழட்டாதம்மா. ரத்த அழுத்தம் குறையும், கை வலியும் போயிடும்." அழுத்தத்தைத் தேடிப் போகிறவளுக்கு அழுத்தம் குறைக்கும் வளையல்!

மார்ச் 7, வெள்ளி

தலைகால் புரியவில்லை!

கணக்குப் போட்டுப் பார்த்தோம். அவர் பாதி கிழக்கு–மேற்காக நெருக்கியது என்கிறது. என் பாதி வடக்கு–தெற்காக. ஒரே சுவர்! அப்படியென்றால் பூமி இங்கே இரண்டு தடவை நெருக்கியிருக்கிறது, வேறு வேறு காலத்தில். இதுவரை எல்லாரும் ஒன்று என்றே எழுதியிருக்கிறார்கள். என் அளவுகள்தான் என்ன ஒழுங்கு! அவருடையவை சந்தைக் கூட்டம் மாதிரி சிதறிக் கிடக்கின்றன, பாவம்.

துறைத்தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார். "இருபத்தெட்டாம் தேதி கூட்டத்துல நீங்களே பேசுங்க. ரெண்டு பாதியும் சேர்ற இடத்துல மட்டும் ஒரு தடவை சரிபார்த்துடுங்க."

நானே! இத்தனை வருடமாகப் படம் வரைந்து கொடுத்தது நான், எழுந்து பேசியது மற்றவர்கள்.

மார்ச் 8, சனி

சாலை வேலை மேஸ்திரி சொன்னார்: கல் சரியாமல் இருக்க, வருகிற வெள்ளிக்கிழமை சுவர் முழுக்க சிமெண்ட் அடிக்கிறார்களாம். அடித்துக்கொள்ளட்டும். சரிபார்க்க ஒரு நாள் போதும்.

மார்ச் 11, செவ்வாய்

போச்சு. எல்லாம் போச்சு.

நடுவில் ஒரே பிளவை இரண்டு பேரும் அளந்தோம். அவருக்கு ஒரு திசை வந்தது, எனக்கு வேறு. "உங்க காம்பஸைப் பழைய இரும்புக்காரன்கிட்ட போடுங்க" என்று கத்தினேன். அவர் தன்னுடையதை என்னிடம் நீட்டினார், என்னுடையதை வாங்கிக்கொண்டார். என் காம்பஸ் அவர் கையில் அவர் சொன்னதையே சொன்னது. அவருடையது என் கைக்கு வந்ததும் என் பக்கம் சாய்ந்துவிட்டது. அப்ப கருவி இல்ல. நான். நான்தானா?

"கையில என்ன?" என்றார்.

வளையல். செம்புதான். உள்பக்கம் கறுப்பா பொட்டு பொட்டா இருக்கே, அலங்காரம்னு நெனச்சேன் — காந்தம்! சுத்தியலைத் தள்ளி வைங்க, சாவியைத் தள்ளி வைங்கன்னு ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிறவ நான். முள்ளு வடக்கைப் பாக்கவே இல்ல, என் வளையலைப் பாத்துக்கிட்டே நின்னிருக்கு. அதான் அவ்வளவு ஒழுங்கு! பாறை சொன்னதில்ல அது, என் மணிக்கட்டு சொன்னது.

ரெண்டு நெருக்கலும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. தலைவர்கிட்ட எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுச் சொல்றது?

மார்ச் 12, புதன்

சொல்லிவிட்டேன். திட்டியிருந்தால் பரவாயில்லை. "வெள்ளிக்கு முன்னாடி உங்க பாதியை மறுபடி அளந்துடுங்க. பேசுறதைப் பத்தி அப்புறம் பார்க்கலாம்" என்றார், தாளைப் பார்த்துக்கொண்டே.

நாத்தனாரிடமும் சொன்னேன். முகம் வாடும் என்று பயந்தேன். "அப்ப காந்தம் அசல்தான்! கடைக்காரன் ஏமாத்தல" என்றார் பெருமையாக. என் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

மார்ச் 13, வியாழன்

எழுத்து கோணலாகப் போகிறது. போகட்டும்!

நேற்றும் இன்றும் வெறுங்கையோடு அளந்தேன். எல்லாம் கிழக்கு–மேற்கு என்றே வந்தது, கல்லுளிமங்கனின் பாதி போலவே. மாலையில் இடது ஓரத்துக்கு வந்தபோது எனக்குள் சுரத்தே இல்லை. வெயில் சாய்ந்து சுவரைப் பக்கவாட்டில் தொட்டது. தடவினேன். வழுக்க வேண்டிய பக்கமாகவே விரல் தட்டுகிறது. மறுபடி தடவினேன். முகத்தைக் கிட்டே கொண்டுபோனால் — தடித்த கீறல்களின் மேலே, அவற்றைக் குறுக்கே வெட்டிக்கொண்டு, மெல்லிய கீறல்கள். வேறு திசையில்!

"இங்க வாங்க!"

வந்தார். பார்த்தார். தடவினார். பிறகு அந்த மனிதர் சாலைக்கே கேட்கும்படி கத்தினார். "ரெண்டு மேடம், ரெண்டு! மெல்லிசு மேல ஏறியிருக்கு, அப்ப அதுதான் பிந்தினது! நீங்க சொன்னது சரிதான், திசைதான் தப்பு! நான் அப்பவே நெனச்சேன், ஏன் சொல்லலேன்னா..." வாய் மூடவே இல்லை.

ஒன்று மட்டும் என்றால் தற்செயலாக இருக்கலாம். தேடினோம். பக்கத்தில் இன்னொன்று. அதற்கு மேலே இன்னும். முதல் நாள் இதே இடத்தில்தான் நின்றேன். அளவுகள் ஒழுங்காக வருகிற சந்தோஷத்தில் கண் இதில் நிற்கவே இல்லை.

மேஸ்திரியிடம் கெஞ்சினேன். "இந்த ஓரத்தை நாளைக்கு மத்தியானம் வரைக்கும் விடுறேன் மேடம். நீங்க ரெண்டு பேரும் போடுற சத்தத்துல கல்லு தானா விழுந்துடும் போல."

மார்ச் 14, வெள்ளி

அளந்தாயிற்று. அடித்தாயிற்று. சுவர் சாம்பல் நிறம்.

மார்ச் 28, வெள்ளி

நானே பேசினேன். முதலில் கிழக்கு–மேற்கு, பிற்பாடு வடகிழக்கிலிருந்து. வளையல் கதையையும் மறைக்கவில்லை. எல்லாரும் சிரித்தார்கள், தலைவரும்தான். கேள்விகளுக்கு என்னை முந்திக்கொண்டு கல்லுளிமங்கன் பதில் சொன்னார். இனி அவருக்கு வேறு பெயர் பார்க்க வேண்டும்.

வீட்டுக்கு வந்தால் நாத்தனார் ஊருக்குக் கிளம்ப, வாசலில் பெட்டியோடு நிற்கிறார். "அதெல்லாம் இருக்கட்டும். அழுத்தம் குறைஞ்சுதா இல்லையா?"

"இல்ல அண்ணி. ஒண்ணு இருந்த இடத்துல ரெண்டாயிடுச்சு."

வளையல் ஃபிரிட்ஜ் கதவில் இருக்கிறது. அதற்கு அடியில் சுவரின் படம், இரண்டு அம்புக்குறிகளோடு. நழுவாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.