மலருக்கு ஒரு மடி

ஆகஸ்ட் 21, வியாழன்

விடிந்ததிலிருந்து புழுக்கம். விசா வரவில்லை. செப்டம்பர் இரண்டுக்கு டிக்கெட்.

தான்சானியா. ஒரு வருடம். அங்கே ஒரு பிள்ளைகள் காப்பகம், பக்கத்திலேயே பெண்கள் நடத்தும் கடலை மிட்டாய்ப் பட்டறை. இரண்டுக்கும் உதவி. சம்பளம் கிடையாது; சாப்பாடு, இடம் உண்டு. நானே எழுதிப் போட்டேன், நானே அலைந்து வாங்கினேன். இப்போது எதற்கு டிக்கெட்டை நாலு தரம் எடுத்துப் பார்க்கிறேன்?

வாங்க வேண்டியவை: கொசுக் களிம்பு, பூட்டு, ஊறுகாய், தேன்குழல் அச்சு.

பட்டியலில் அச்சைப் பார்த்து, நான் வேலை பார்க்கும் பலகாரக் கூடத்தில் ஒரே சிரிப்பு. முறுக்குச் சுடும் வள்ளிக்கண்ணு அக்காதான் ஆரம்பித்தது. "அந்த ஊருப் பொம்பளைகளுக்கு மாவுப் பதம் சொல்லிக் குடுக்கப் போறீகளாக்கும்? நீங்க சுட்ட முறுக்க நாங்களே தின்னதில்லயே!" நான் இங்கே பாக்கெட் போட்டு ஆர்டர் பிடிக்கிறவள். வாஸ்தவம்தான். இருந்தாலும் கோபம் வந்தது.

ஆகஸ்ட் 22, வெள்ளி

சாயங்காலம் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் காப்பகத்தில் நான் எடுக்கும் பாடம். மலர் வரவில்லை. கட்டிலுக்கு அடியில் படுத்திருந்தாள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் "மொட்டக் காது" என்கிறார்களாம். ஆறு வயதாகியும் காது குத்தவில்லை. குத்த யாரும் இருந்ததில்லை.

வார்டன் சாந்தி அக்காவிடம் கேட்டேன்.

"குத்திரலாம் டீச்சர். மேல ஆபீஸ்லயும் கேட்டாச்சு. ஆசாரி கூப்புட்டா வந்துருவாரு. உக்கார வைக்க மாமன் மடிதான் இல்ல."

"இவ்வளவுதானா? என் தம்பிய வரச் சொல்றேன்."

பட்டென்று சொல்லிவிட்டேன். அக்கா என்னையே பார்த்தார். "நல்லா யோசிச்சுத்தான் சொல்றீகளா?"

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஒரு காலை நேர வேலை. போகுமுன் ஒரு நல்ல காரியம் செய்த மாதிரியும் ஆச்சு. கட்டிலுக்கு அடியில் குனிந்து சொன்னேன். உடனே வெளியே வந்தாள்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

தம்பி குமாருக்குப் போன். திருப்பத்தூரில் செல்போன் கடை. எப்போது கூப்பிட்டாலும் பின்னால் ரிங்டோன் சத்தம். வருகிறேன் என்றான். வைக்கப் போனேன்.

"யக்கா, ஒண்ணு கேக்குறேன். நான் மாமன்னா, நீ யாரு அந்தப் புள்ளைக்கு?"

"டீச்சர்டா."

"டீச்சர் தம்பி எப்புடி மாமனாவான்? மடிய மட்டும் குடுத்துட்டு வர நான் என்ன சேரா? நாளைக்கு வயசுக்கு வந்தா தட்டு தூக்கணும், கல்யாணம்னா நிக்கணும். நான் வருவேன். நீ எங்க இருப்ப?"

கட் பண்ணிவிட்டேன். பெரிய மனுஷன்! சட்டைக்கு நான் பட்டன் தைத்துக் கொடுத்த பயல்.

கோபம் மதியச் சோறு வரைக்கும் போகவில்லை. சரியாகச் சாப்பிடவும் இல்லை.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. பிள்ளையார்பட்டி பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. கூடத்தில் அதிரசம் ஆர்டர் குவிந்து கிடக்கிறது. கையெல்லாம் பாகு. அந்தக் கையோடு போனைத் திறந்தேன்: விசா வந்துவிட்டது.

கூடத்தில் எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு மட்டும் மனசு துள்ளவில்லை. ஏன் என்று தெரியவில்லை. தெரியும்.

காப்பகத்திலும் சொன்னேன். மலர் மட்டும் பக்கத்தில் வந்தாள்.

"அங்க உள்ள புள்ளைகளுக்கும் அம்மா இல்லயா டீச்சர்?"

"சில பேருக்கு இல்லை."

"அதான் போறீகளா," என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டாள். அழுதிருந்தால்கூடத் தேவலை.

ஆகஸ்ட் 29, வெள்ளி

குத்தியாச்சு. தெருமுனைப் பிள்ளையார் கோவிலில்.

குமார் வேட்டியில் வந்தான். பழத் தட்டு, பச்சைப் பாவாடை, பொடித் தோடு ஒரு ஜோடி. அவனிடம் நான் எதுவுமே வாங்கச் சொல்லவில்லை. என்னோடு பேசவில்லை; மலரிடம் மட்டும், "மாமன் மேல சாஞ்சுக்க ஆத்தா. கண்ண மூடிக்க." முதல் காதுக்குப் பல்லைக் கடித்துக்கொண்டாள். இரண்டாவது காதுக்கு அலறல்.

ஆசாரி நிமிர்ந்து பார்த்தார். "தாயி யாரும்மா? புள்ளைய வாங்கு, வாயில சீனியப் போடு."

கூடத்திலிருந்து வந்திருந்த வள்ளிக்கண்ணு அக்கா சீனிக் கிண்ணத்தை என் கையில் திணித்தது. மலர் குமார் மடியிலிருந்து இரண்டு கையையும் என் பக்கம் நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். நல்ல கனம். என் தோளெல்லாம் சளி, கண்ணீர், சீனி.

குமார் போகும்போது, "வாரேன்க்கா," அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

லேசான தூறல். பெட்டி முக்கால்வாசி கட்டியாச்சு. அச்சு உள்ளே. ஊறுகாய் வெளியே. மறுபடி உள்ளே.

மலருக்கு வலது காது வீங்கியிருக்கிறது. மஞ்சள் போட்டுக் காய்ச்சின எண்ணெயை இரண்டு வேளை தொட்டு வைக்க வேண்டும். வேறு யாரையும் தொட விடுகிறதில்லை.

"செவ்வாக்கிழமைக்கு அப்புறம் யாரு போடுவா டீச்சர்?"

"சாந்தி அக்கா போடுவாக."

இரண்டு காதையும் கையால் பொத்திக்கொண்டாள். வலித்திருக்கும். எடுக்கவேயில்லை.

வீட்டுக்கு வந்தேன். நடந்தேன். உட்கார்ந்தேன். பெட்டியைத் திறந்தேன், மூடினேன். கடைசியில் தான்சானியாக்காரர்களுக்கு மெயில்: ஒரு மாதம் தள்ளி வரலாமா? பட்டறைக்காரப் பெண்கள் என்ன நினைப்பார்களோ. வேண்டாம் என்று சொன்னாலும் சொல்லட்டும்.

காரணம் சொல்ல வேண்டுமே. ஒரு வரி எழுதி அனுப்பிவிட்டேன். அனுப்பிய பிறகுதான் படித்துப் பார்த்தேன்.

'என் மகளுக்குக் காது குத்தியிருக்கிறது.'